குளிர்காலத்தில் சோமாலி பாத்தி: மாமியார் தன் உடையிலேயே கதகதப்பாக இருக்க என்ன செய்யலாம்?

நெல்லைக்காரி (மினியாபோலிஸ்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் சோமாலிக்காரர், ஹர்கெய்சா ஊர். சென்னையில் படிக்க வந்தபோது பழக்கம், கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. நவம்பர் கடைசியில் அவருடைய அம்மா எங்களோடு வந்து சேர்ந்தார், வயது எழுபதுக்கு மேல். நான் அவரை ஹோயோ என்று கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் அம்மா. இங்கே அத்தை என்றே எழுதுகிறேன். பெட்டியைத் திறந்தால் பதினான்கு பாத்தி, ஆறு சால்வை, கல்யாண வீட்டுக்கு உடுத்துகிற திரா மூன்று. ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாத்தி என்பது வீட்டில் உடுத்துகிற நீளமான, தொளதொளப்பான அங்கி. அகலமான துணியை இரண்டாக மடித்து, நடுவில் கழுத்து வெட்டி, கைக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் தைத்தால் முடிந்தது. அளவு என்று பெரிதாக எதுவும் கிடையாது, எல்லோருக்கும் பொருந்தும். உள்ளே கோகரத் என்கிற நீளப் பாவாடை, தோளில் கர்பசார் என்கிற சால்வை, தலையில் ஷாஷ் என்கிற துணி. நம் வீட்டு நைட்டி மாதிரி என்று சொல்லலாம், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் நைட்டியோடு இருக்கும்போது அழைப்பு மணி அடித்தால் துண்டைத் தேடி ஓடுவோம். அத்தை கர்பசாரை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு நிமிர்ந்து போய்க் கதவைத் திறப்பார். வீட்டு உடைதான், ஆனால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நிறமும் பூவும் அவ்வளவு அழகு.

இப்போது பிரச்சினை. இங்கே போன வாரம் −25 வரை போனது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, ஆனாலும் அத்தைக்குக் குளிர் தாங்கவில்லை. தடிமனான ஃபிளீஸ் கவுன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார், மூன்றாம் நாள் மடித்து நாற்காலியில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். இப்போது பழையபடி பாத்தியோடு கட்டிலில் போர்வைக்குள்ளேயே இருக்கிறார். கூடத்துக்கு வருவதே குறைந்துவிட்டது, எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வந்த புதிதில் காலையில் அவரே ஏலக்காய், பட்டை, கிராம்பு தட்டிப்போட்டு ஷா, அதாவது அவர்கள் டீ, காய்ச்சுவார், வீடே மணக்கும். அது நின்றுபோய் இரண்டு வாரம் ஆகிறது.

அவருடைய பாத்தியை மாற்றாமல், அது பார்க்க அசிங்கமாகவும் ஆகாமல், குளிரைத் தாங்க வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, நடந்தால் துணியெல்லாம் காலில் ஒட்டிக்கொள்கிறது, கதவுக் குமிழைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறது, அதற்கும் பயப்படுகிறார்.

டிக்சன்வீதி (டொரண்டோ)

தங்கச்சி, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். எட்டோபிக்கோவில் டிக்சன் வீதிக் கட்டடங்களில் பத்தொன்பது வருஷம் இருந்தேன், எங்கள் மாடியில் பாதி வீடுகள் சோமாலிக் குடும்பங்கள். என் பிள்ளைகளை அவர்கள்தான் வளர்த்தார்கள் என்றே சொல்லலாம். அம்மாவின் தங்கச்சியை அவர்கள் ஹபர்யர் என்பார்கள். அம்மாவோடு சின்ன என்பதைச் சேர்த்த சொல், எங்கள் சின்னம்மா மாதிரியே. அது தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பெண்கள் ஒருவர்கூட குளிருக்காகப் பாத்தியை விட்டதில்லை. அவர்கள் செய்வது இதுதான்: மேலே தடிமனாக எதையும் போடுவதில்லை, உள்ளே மெல்லிசாகப் போடுகிறார்கள். உடம்போடு ஒட்டிய மெல்லிய தெர்மல், அதன் மேல் கோகரத், அதன் மேல் பாத்தி. வெளியில் பார்க்கிறவருக்குப் பாத்தி மட்டும்தான் தெரியும்.

தெர்மல் வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். பாத்தியின் கழுத்து அகலம், சாதாரண வட்டக் கழுத்துத் தெர்மல் வாங்கினால் மேலே எட்டிப்பார்க்கும், அப்போதுதான் அசிங்கமாகத் தெரியும். அகலக் கழுத்து, இல்லாவிட்டால் யு வடிவம். நிறமும் கறுப்பு வேண்டாம், மெல்லிய பாத்திக்குள் கறுப்பு நிழலாகத் தெரியும். அவருடைய தோல் நிறத்துக்குக் கிட்டவான பழுப்பு எடுங்கள், எந்தப் பாத்திக்கும் போகும்.

வீட்டுச் சூட்டையும் ஒரு தரம் அளந்து பாருங்கள். இங்கே டொரண்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்று மாநகரச் சட்டமே இருக்கிறது. 21 என்பது எங்களுக்குப் பரவாயில்லை, ஆனால் போன மாதம்தான் சூடான நாட்டிலிருந்து வந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குக் குளிரும். அவருடைய கட்டில் ஜன்னலோரமா? அப்படியென்றால் முதலில் அதை நகர்த்துங்கள்.

புதுவரவு22

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். குளிர் நாட்டுக்கு வந்தால் குளிர் நாட்டு உடைதான். என் அம்மா டெட்ராய்ட் வந்தபோது சேலையை விட்டுவிட்டு இரண்டே வாரத்தில் டிராக் பேண்ட்டும் ஸ்வெட்டரும் பழகிவிட்டார். இப்போது அதுதான் வசதி என்கிறார். வயதானவர்களுக்கு உடல்நலம் முதலில், அழகு அப்புறம். கணவரை விட்டுக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசச் சொன்னால் கேட்பார்.

நெல்லைக்காரி

உங்கள் அம்மா பழகியது நல்லது, அவர் விருப்பத்தோடு மாறியிருக்கிறார். அத்தை ஊரை விட்டு, தங்கையை விட்டு, அறுபது வருஷமாகப் பழகின தெருவை விட்டு வந்திருக்கிறார். மொழி தெரியாது, வெளியே தனியாகப் போக முடியாது. காலையில் எழுந்து எந்தப் பாத்திக்கு எந்தக் கர்பசார் என்று பார்த்துப் பார்த்து எடுத்து உடுத்துகிறார், கண்ணாடி முன்னால் நின்று ஷாஷைச் சரி செய்கிறார். அந்த நாளில் அவர் தானாக முடிவு செய்கிற விஷயங்களில் அது ஒன்று. அதையும் நான் கண்டித்துப் பறிக்க மாட்டேன்.

டிக்சன் அக்கா, கட்டில் ஜன்னலோரம்தான்! இன்றே நகர்த்திவிட்டோம். மிகவும் நன்றி.

நூல்கண்டு (திருப்பூர்)

பின்னலாடைத் துறையில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். குளிர் நாட்டில் வாழ்ந்ததில்லை, ஆனால் துணி தெரியும், அந்தப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதினான்கும் என்ன நூல் என்று பாருங்கள். பாத்தி எல்லாமே காட்டன் என்று நினைக்க வேண்டாம், பாலியெஸ்டர், ரேயான் எல்லாம் சந்தையில் கலந்து வரும். தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையும் தொட்டால் உதிர்கிற சாம்பலும் வந்தால் காட்டன் அல்லது ரேயான். உருகிச் சுருண்டு கடினமான மணியாக நின்றால் பாலியெஸ்டர்.

ஷாக் அடிப்பதற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. வெளியே இருக்கிற உறைபனிக் காற்றில் ஈரம் மிகக் குறைவு, அதை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது ஈரப்பதம் இன்னும் விழுந்துவிடுகிறது. துணிகள் உரசி உண்டாகிற மின்னேற்றம் கசிந்து போக வழியில்லாமல் அப்படியே நிற்கும். அத்தையின் கோகரத் நைலான் என்று நினைக்கிறேன், கடையில் வாங்குகிறது பெரும்பாலும் அப்படித்தான் பளபளவென்று இருக்கும். நைலானும் பாலியெஸ்டரும் உரசினால் ஒன்று நேர்மின்னும் மற்றது எதிர்மின்னும் ஏற்றிக்கொண்டு காந்தம் மாதிரி ஒட்டும். கம்பளியும் நைலான் பக்கம்தான். அதனால் கம்பளித் தெர்மலுக்கு மேலே நேரடியாகப் பாலியெஸ்டர் பாத்தி போட்டால் இன்னும் மோசமாகும், இதைக் கவனியுங்கள். இடையில் ஒரு காட்டன் அடுக்கு வந்தால் போதும், காட்டன் இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கிற நூல்.

அப்புறம் குளிர். தொளதொள அங்கியில் உடம்புச் சூட்டில் காய்ந்த காற்று கழுத்து வழியாக மேலே போய்விடும், கீழே விளிம்பு வழியாகக் குளிர்ந்த காற்று ஏறும். அடுப்புப் புகைக்கூண்டு வேலை செய்கிற மாதிரிதான். சூடான ஊரில் அதுதான் சுகம், பாத்தியை அப்படி வைத்ததே அதற்காக. குளிரில் அதே அமைப்பை வைத்துக்கொண்டு, காற்று போகிற இரண்டு வாயை மட்டும் அடைக்க வேண்டும். கழுத்தில் சால்வை, இடுப்புக்குக் கீழே கொஞ்சம் கனமான பாவாடை.

தெர்மலுக்கு மெரினோ கம்பளி, 150 முதல் 200 ஜிஎஸ்எம்முக்குள் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எடுங்கள். டீ ஷர்ட் கனம்தான், ஆனால் கதகதப்பு வேறு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் கையில் ஈரமாகத் தெரியாது. வயதானவர் தோல் வறண்டிருக்கும், நல்ல மெல்லிய மெரினோ என்றால் அரிக்காது, மலிவுக் கம்பளி கட்டாயம் அரிக்கும், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பருத்தித்துறையான் (லண்டன்)

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் வேலையிடத்தில் சோமாலி நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டுக்குப் போனால் இருவரும் ஒரே உடுப்பு: எனக்குச் சாரம், அவருக்கு மாவீஸ். மூட்டித் தைத்தது, கட்டம் போட்டது, இடுப்பில் சுருட்டிச் செருகுவது எல்லாம் ஒன்றுதான். 2022இல் ஹிரான் பகுதியில் அல் ஷபாப் என்கிற ஆயுதக் குழுவை எதிர்த்து ஊர்க்காரர் ஆயுதம் எடுத்தபோது, அந்தப் படைக்கு மாவீஸ்லி, அதாவது மாவீஸ் கட்டியவர்கள், என்றே பெயர். வீட்டு உடுப்பு, மாட்டுக்குப் பின்னால் போகிறவன் உடுப்பு, அதுவே அடையாளமாக நின்றது.

இன்னொன்றும் சொல்கிறேன், சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு. 1331இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா மொகதிசு வந்து இறங்கியபோது அவருக்கு உடுப்புக் கொடுத்து அனுப்புகிறார்கள். கால்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் கட்டப் பட்டுத் துண்டு, மேலே எகிப்துத் துணியில் அங்கி, அதற்கு மேலே உள்துணி வைத்த எருசலேம் மேலங்கி, தலைப்பாகை. அந்த ஊரில் நெய்த துணி எகிப்து வரைக்கும் போனது என்றும் எழுதி வைத்திருக்கிறார். அடுக்கடுக்காக உடுத்துவது அவர்களுக்குப் புதிது இல்லை, மாமிக்கு நீங்கள் புதிதாக எதையும் திணிக்கவில்லை.

சாரத்துக்கு நான் செய்வது: உள்ளே தெர்மல் கால்சட்டை, கணுக்கால் வரை இழுத்து, அதன் மேல் கம்பளிக் காலுறை. இரண்டுக்கும் இடையில் ஒரு விரல் தோல் தெரிந்தாலும் அங்கேதான் குளிர் பிடிக்கும். மாமிக்கும் இது பொருந்தும்.

ஒஸ்லோ_தாதி

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கிற தாதி வேலை எனக்கு. எங்கள் பகுதியில் சோமாலி அம்மாக்கள் பலர். எல்லோரும் துணியைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், நான் ஒன்று கேட்கிறேன். மாமி ஐந்து வேளை தொழுகிறவரா? அந்த ஃபிளீஸ் கவுனின் கைமுனை எப்படி இருக்கிறது? இலாஸ்டிக் வைத்து இறுக்கமாகவா?

ஏன் கேட்கிறேன் என்றால், தொழுகைக்கு முன்னால் முழங்கை வரை கை கழுவ வேண்டும், முகம், கால் கழுவ வேண்டும். இறுக்கமான கை மேலே ஏறாது, ஏறினாலும் வழுக்கிக் கீழே வந்து நனையும். ஈரக் கையோடு நாள் முழுக்க இருப்பது எவ்வளவு குளிர் என்று யோசித்துப் பாருங்கள். பாத்தியின் கை அகலம், ஒரே தள்ளில் தோள்வரை போய்விடும். என் பராமரிப்பில் இருந்த ஒரு அம்மா இதனால்தான் நல்ல கம்பளிச் சட்டையைத் தொடவே மாட்டேன் என்றார், காரணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டார். எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

அதனால் தெர்மலை முக்கால் கையாக வாங்குங்கள், முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வருகிற அளவு, நெகிழ்வான முனை. முன்கைக்குத் தனியாகக் கம்பளி உறை, விரல் இல்லாதது. கழுவும்போது கழற்றி வைத்துவிட்டுத் துடைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

காலுக்கு: தோலில் தைத்த காலுறை இருக்கிறது, கணுக்காலை மூடுகிற மாதிரி. கால் கழுவிய பிறகு அதைப் போட்டால், ஒரு பகல் ஒரு இரவுக்குக் கழற்றிக் கழுவாமல் ஈரக் கையால் மேலே தடவினால் போதும் என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ள சலுகை. இதை நான் சொல்வதைவிட உங்கள் கணவரோ பள்ளிவாசல் இமாமோ சொன்னால் மாமிக்கு மனம் ஒப்பும். குளிர் நாட்டில் வயதானவர்களுக்கு அது பெரிய உதவி.

நெல்லைக்காரி

ஒஸ்லோ அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கவுனை எடுத்துப் பார்த்தேன். இலாஸ்டிக்தான். கைமுனை இரண்டும் தண்ணீர்க் கறை.

என் கணவர் போய் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். ஆமாம், அதுதான் காரணம். மருமகள் காசு போட்டு ஆசையாக வாங்கியது, எப்படிக் குறை சொல்வது என்று இருந்திருக்கிறார். இரண்டு நாளும் நனைந்த கையோடுதான் இருந்தாராம். அவருக்கு அழகு பிடிக்கவில்லை, பழக்கம் இல்லை என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, இங்கே வந்து எழுதியும்விட்டேன். ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மனசு மிகவும் கனத்துவிட்டது.

கார்மெல் மாலுக்குப் போகிறோம் இந்த சனிக்கிழமை. மினியாபோலிஸில் சோமாலிக் கடைகள் நெருக்கி நெருக்கி இருக்கிற இடம், தோல் காலுறை அங்கே நிச்சயம் கிடைக்கும் என்று கணவர் சொல்கிறார்.

நூல்கண்டு அண்ணா, கொளுத்திப் பார்த்தேன். பதினான்கில் ஒன்பது பாத்தியின் நூல் உருகி மணியாக நின்றது. ஐந்துதான் காட்டன் மாதிரி, அதில் இரண்டு நல்ல கனம். கோகரத் மூன்றும் நைலான், நீங்கள் சொன்ன மாதிரியே.

புதுவரவு22

கைமுனை விஷயம் எனக்கும் தோன்றவே இல்லை. கண்டிப்பாகப் பேசச் சொன்னேனே, அது தவறு, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே போகும்போது உள்ளே பேண்ட் வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை. −25இல் பத்து நிமிஷம் கார் வராமல் நின்றால் பாவாடை எதுவும் தாங்காது.

டிக்சன்வீதி (டொரண்டோ)

வெளியே போவதில் தம்பி சொல்வது சரி. அங்கேயும் பாத்தியைக் கழற்ற வேண்டியது இல்லை. தெர்மல் கால்சட்டை, அதன் மேல் பனிக்குப் போடுகிற கால்சட்டை, அதற்கு மேலே கோகரத், பாத்தி. பாத்தியின் கீழ் விளிம்பை ஒரு பக்கமாகத் தூக்கிக் கோகரத் இடுப்பில் செருகிவிட வேண்டும், வீட்டு வேலை செய்யும்போது அவர்கள் எப்படிச் செருகுவார்களோ அதே மாதிரி. மேலே ஜில்பாப் என்கிற, தலையையும் சேர்த்து மூடுகிற அங்கி, கணுக்கால் வரை வருகிற இறகுக் கோட்டு. கோட்டு பாத்தியை விட நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு பனிச்சேற்றில் இழுபடும். சாலையில் போடுகிற உப்பு துணியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் வினிகர் கலந்த தண்ணீரில் அலசுங்கள், போய்விடும்.

இப்போது அழகு. கோகரத் மூன்றும் நைலான் என்றால் புதிதாகத் தைத்துவிடுங்கள் தங்கச்சி! எங்கள் உள்பாவாடைதானே அது. ஆறு பட்டி, இடுப்பில் நாடா, உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. துணி மட்டும் காட்டன் ஃபிளானல். ஆனால் ஒன்று, பாத்தியைத் தூக்கிச் செருகும்போது கோகரத்தின் அடிப்பகுதி வெளியே தெரியும், தெரிய வேண்டும், அதுதான் அவர்களுக்கு அழகு. அதனால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை ஃபிளானல், அதற்குக் கீழே ஒரு அடி சாட்டின் பட்டி, முனையில் லேஸ். எங்கள் மாடியில் ஒரு பெண் இப்படித் தைத்துப் போட்டிருந்தார், கண் எடுக்க முடியாது.

நிறத்துக்கு ஒரு வழி: பதினான்கு பாத்தியையும் கட்டிலில் பரப்பி, எல்லாவற்றிலும் பொதுவாக வருகிற இரண்டு நிறத்தை எடுங்கள். அந்த இரண்டில் சாட்டின், அந்த இரண்டில் கம்பளிச் சால்வை. கர்பசாருக்குப் பதிலாகக் கம்பளியில் பெரிய சால்வை வாங்கினால் அதுவே ஸ்வெட்டர் வேலையைச் செய்யும். குட்டை ஸ்வெட்டரைப் பாத்திக்கு மேலே போடாதீர்கள், அங்கி இடுப்பில் வெட்டுப்பட்டுப் பொதி மாதிரி ஆகிவிடும். மேலே ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் முழங்கால் தாண்டுகிற, முன்பக்கம் திறந்த நீளக் கார்டிகன், அகலக் கையோடு.

நூல்கண்டு (திருப்பூர்)

ஃபிளானல் வாங்கும்போது நூறு சதவீதம் காட்டனா என்று பாருங்கள், அந்தப் பெயரில் பாலியெஸ்டரும் விற்கிறார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் சுடுதண்ணீரில் அலசிக் காய வையுங்கள், சுருங்குகிற துணி. பழைய நைலான் கோகரத்தைப் போட்டே ஆக வேண்டிய நாளில் உள்பக்க விளிம்பில் ஒரு ஊக்கு குத்தி வைத்தால் ஒட்டுவது கொஞ்சம் குறையும். குளித்தவுடன் காலில் எண்ணெய் தடவினாலும் பலன் உண்டு. அறையில் ஈரப்பதக் கருவி ஒன்று ஓட விட்டால் துணிக்கும் நல்லது, அவர் தொண்டைக்கும் நல்லது.

ஒஸ்லோ_தாதி

ஃபிளானல் என்று கேட்டதும் ஒரு பயம். அதன் மேல் இருக்கிற மெல்லிய பஞ்சு வேகமாகத் தீப்பிடிக்கும். அடுப்பு முன்னால் நிற்கும்போது பாத்தியின் அகலக் கையையும் சேர்த்து மேலே தூக்கிக் கட்ட வேண்டும், ஒரு ரப்பர் பட்டை சமையலறையில் தொங்கட்டும். தரையில் வைக்கிற மின்ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போடவே வேண்டாம். விளிம்பு தரையில் இருந்து மூன்று விரல் உயரத்தில் இருக்க வேண்டும், ஊரில் அது பெருக்கிக்கொண்டு போனால் அழகு, இங்கே கம்பளிச் செருப்போடு மாடிப்படி ஏறும்போது மிதித்து விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். செருப்புக்கு அடியில் ரப்பர் இருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது விட்டமின் டி பார்க்கச் சொல்லுங்கள். வெயில் இல்லாத மாதங்கள், மூடிய உடுப்பு, கறுத்த தோல், மூன்றும் சேர்ந்தால் குறைவது வழக்கம்.

பருத்தித்துறையான் (லண்டன்)

ஊன்சி, அதாவது வாசனைப் புகை, போடுகிறாரா மாமி? என் நண்பர் வீட்டில் தப்காத் என்கிற தூபக்காலில் தணல் வைத்துப் புகை போட்டு, துணியை மேலே பிடிப்பார்கள். அந்த வாசனை கம்பளிச் சால்வையில் பல நாள் நிற்கும், பிடிக்காத புதுத் துணியையும் தன் துணி ஆக்கிவிடும். எங்கள் வீட்டில் தலை குளித்தால் சாம்பிராணி போடுவது மாதிரி.

நெல்லைக்காரி

போடுவார், சர்க்கரைப் பாகில் குந்திரிக்கமும் அத்தரும் சேர்த்துக் காய்ச்சின கட்டி, ஊரிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்திருக்கிறார். வந்த முதல் வாரம் தணல் வைத்தோம், புகை அலாரம் அலறி அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்தார், அதிலிருந்து டப்பாவைத் தொடவில்லை.

ஒஸ்லோ_தாதி

தணல் வேண்டவே வேண்டாம். ஜன்னல் எல்லாம் அடைத்த குளிர்கால வீட்டில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனையே கிடையாது, தூக்கத்தில் உயிரே போகலாம். மின்சாரத் தப்காத் விற்கிறார்கள், கார்மெல் போகும்போது கேளுங்கள். பாலியெஸ்டர் பாத்தியை அதன் மேலும் பிடிக்க வேண்டாம், உருகும். கம்பளியும் காட்டனும் மட்டும்.

நெல்லைக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கார்மெலில் தோல் காலுறை கிடைத்தது, மின்சாரத் தப்காத்தும் கிடைத்தது. அத்தை அங்கே இரண்டு மணிநேரம் நடந்தார், கடைக்காரப் பெண்கள் எல்லோரோடும் பேசினார், இங்கே வந்த பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஒரு கடையில் வெல்வெட்டில் நீளக் கை வைத்துத் தைத்த பாத்தி தொங்கியது. கையால் தடவிப் பார்த்தார், கனமாக இருக்கிறது என்று வைத்துவிட்டார். நானும் கட்டாயப்படுத்தவில்லை.

கோகரத் இரண்டு தைத்தேன். பொதுவாக வந்த நிறம் மயில் நீலமும் செங்கல் சிவப்பும். ஆறு பட்டி, நாடா, கீழே ஒரு அடி சாட்டின், லேஸ் அத்தையே தேர்ந்தெடுத்தார். முதல் கோகரத் தவறாகிவிட்டது: நம் பாவாடை மாதிரி இடுப்பில் இறுக்கமாக வைத்துவிட்டேன், உட்கார்ந்து தொழும்போது வயிற்றைப் பிடித்ததாம். பிரித்து இடுப்பை நாலு விரல் அகலமாக்கினேன். முக்கால் கை மெரினோ இரண்டு, முன்கை உறை ஒரு ஜோடி. செங்கல் சிவப்பில் கம்பளிச் சால்வை என் கணவர் வாங்கினார்.

கனமான காட்டன் பாத்தி இரண்டும் இப்போது மாறி மாறி ஓடுகின்றன. பாலியெஸ்டரில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒன்று, மஞ்சளில் பெரிய பெரிய பூ, அதற்கு உள்ளே மெரினோவுக்கு மேல் கை இல்லாத காட்டன் ஷிம்மி ஒன்று போட்டுப் பார்த்தோம், ஒட்டவில்லை. ஷாக் முழுதாகப் போகவில்லை, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் ஏலக்காய் தட்டுகிற சத்தத்தில் விழித்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் மஞ்சள் பாத்தியை ஒரு பக்கம் தூக்கிச் செருகியிருக்கிறார், நீலச் சாட்டின் தெரிகிறது, கையில் ரப்பர் பட்டை. மத்தியானம் கார்மெலில் பழக்கமான இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை கோகரத் ஓரத்தைத் தூக்கி ஃபிளானலைக் காட்டினார், அவர்கள் தொட்டுப் பார்த்து என்னைப் பார்த்து என்னமோ சொன்னார்கள், கணவர் மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது அந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று தைக்கக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் என்னைவிட ஒரு அடி உயரம். டிக்சன் அக்கா, உயரமானவர்களுக்கு ஃபிளானலைக் கூட்டுவதா, சாட்டின் பட்டியைக் கூட்டுவதா?

டிக்சன்வீதி (டொரண்டோ)

ஃபிளானலைக் கூட்டுங்கள். சாட்டின் ஒரு அடிக்கு மேல் போனால் நடக்கும்போது காலில் குளிரும். துணி மொத்தமாக எடுக்கும்போது ஆளுக்கு அரை மீட்டர் கூடுதலாக எடுத்துவிடுங்கள், அலசினால் சுருங்கும் என்று நூல்கண்டு அண்ணா சொன்னாரே.